புரிந்துணர்வு ஒப்பந்தம் நிறைய இருக்கிறது, பிள்ளைகள் பட்டறையில் இருக்கிறார்களா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் நம் திண்டுக்கல்லில் வெயிலோடு சேர்ந்து ஃபிளெக்ஸ் போர்டும் காய ஆரம்பித்துவிடும். பழனி ரோடு, நத்தம் ரோடு, தாடிக்கொம்பு ரோடு எங்கே போனாலும் கோட்டு போட்ட பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். முன்பெல்லாம் "100 சதவீதத் தேர்ச்சி" என்று இருக்கும். பிறகு "100 சதவீத பிளேஸ்மென்ட்" ஆனது. இப்போது இரண்டு மூன்று வருடமாகப் புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது: "முன்னணி நிறுவனங்களுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம்". கீழே வரிசையாகக் கம்பெனி சின்னங்கள்.

பெற்றோர்களும் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். போன வாரம் ஒரு அப்பா வந்தார். வேடசந்தூர் பக்கம் நாலு ஏக்கர் வைத்திருப்பவர். "சார், இந்தக் காலேஜ்ல அம்பது கம்பெனியோட டை-அப் இருக்காம், அதுல முப்பதுதானாம். எதுல போடலாம்?" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தக்காளி வாங்கும்போது தட்டிப் பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம். கல்லூரியை எதை வைத்துத் தட்டிப் பார்ப்பது? எண்ணிக்கையைத்தான் பிடித்துக்கொள்ள முடிகிறது. அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். நீளமாகப் போகும், நேரம் இருப்பவர்கள் படியுங்கள்.

முதலில் இந்த ஒப்பந்தங்கள் ஏன் இவ்வளவு பெருகின என்று பார்க்க வேண்டும். கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு செய்யும் 'நாக்' குழு இருக்கிறதே, அதன் மதிப்பெண் கணக்கில் வெளி நிறுவனங்களோடு கல்லூரி வைத்திருக்கும் ஒப்பந்தங்களுக்கும் இடம் உண்டு. ஐந்து வருடத்தில் எத்தனை ஒப்பந்தம் போட்டீர்கள் என்று கேட்கிறார்கள். நியாயமாகச் சொன்னால், நடைமுறையில் இருக்கும் ஒப்பந்தம் என்றுதான் கேட்கிறார்கள். வெறும் தாளைக் கேட்கவில்லை. ஆனால் நம் ஆட்கள் எதையும் தாளில் நிரூபிக்கத் தெரிந்தவர்கள். ஒப்பந்தம் போட்ட அன்று ஒரு சால்வை, ஒரு போட்டோ. வருடத்துக்கு ஒரு தடவை அந்தக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து ஒரு மணி நேரம் பேசுவார். ஒரு தடவை பஸ் எடுத்துக்கொண்டு பிள்ளைகள் அங்கே போய் வாசலில் நின்று குரூப் போட்டோ எடுத்து வருவார்கள். அறிக்கை தயார். ஒப்பந்தம் "நடைமுறையில்" இருக்கிறது.

எல்லாக் கல்லூரியும் இப்படி என்று சொல்ல மாட்டேன். நன்றாகச் செய்கிற துறைத்தலைவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள், அவர்கள் படும் பாடும் எனக்குத் தெரியும். ஆனால் அவர்களும் மற்றவர்களும் ஃபிளெக்ஸில் ஒரே மாதிரிதான் தெரிகிறார்கள் என்பதுதான் சிக்கல்.

இன்டர்ன்ஷிப் கதையும் இதே. பொறியியல் மாணவர்கள் படிப்பு முடிவதற்குள் 600 முதல் 700 மணி நேரம் வெளியில் பயிற்சி எடுக்க வேண்டும் என்று ஏ.ஐ.சி.டி.இ. 2018ஆம் ஆண்டின் மாதிரிப் பாடத்திட்டத்தில் வைத்தது. நல்ல யோசனை. 600 மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி வீதம் 75 நாள். 75 நாள் ஒரு பிள்ளை ஒரு இடத்தில் ஒழுங்காக வேலை கற்றால் ஆளே மாறிவிடுவான். ஆனால் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு 75 நாள் இடம் கொடுக்க எத்தனை கம்பெனி தயாராக இருக்கிறது? இல்லாத இடத்தைச் சந்தை நிரப்பிவிட்டது. பணம் கட்டினால் இன்டர்ன்ஷிப் சர்டிஃபிகேட் கொடுக்கும் ஆட்கள் வந்துவிட்டார்கள். என்னிடம் பள்ளியில் படித்த ஒரு பையன், இப்போது மூன்றாம் வருடம் எலெக்ட்ரிக்கல். ஆயிரத்துச் சில்லறை கட்டி ஒரு மாத ஆன்லைன் பயிற்சி முடித்திருந்தான். "என்னப்பா கத்துக்கிட்ட?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "பி.டி.எஃப். அனுப்புனாங்க சார். அப்புறம் சர்டிஃபிகேட் அனுப்புனாங்க" என்றான். பொய் சொல்லத் தெரியாத பையன்.

இன்னொரு பிள்ளை, பி.காம். அவள் கல்லூரி நிஜமாகவே ஒரு நிறுவனத்துக்கு அனுப்பியது. முப்பது நாளும் அட்டைப்பெட்டியில் லேபிள் ஒட்டியிருக்கிறாள். கணக்குப் புத்தகம் இருக்கும் அறைக்குள் ஒரு நாள்கூட விடவில்லை. "ஜி.எஸ்.டி. பில் எப்படிப் போடுறாங்கன்னு பாக்கணும்னு கேட்டேன் சார். சீசன் நேரம், அதெல்லாம் அப்புறம்னு சொல்லிட்டாங்க." கடைசி நாள் "நிதி மேலாண்மையில் சிறப்பாகப் பணியாற்றினார்" என்று சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள். கம்பெனி பெயரையும் கல்லூரி பெயரையும் நான் எழுதப் போவதில்லை. அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒரு வருடம் படிப்பு பாக்கி இருக்கிறது.

இப்படி வெளியே வரும் பிள்ளைகளைப் பார்த்துத்தான் "திறன் இல்லை" என்கிறார்கள். இந்தியா ஸ்கில்ஸ் ரிப்போர்ட் என்று வருடாவருடம் ஒரு அறிக்கை வருகிறது. 2024 அறிக்கையில் வேலைக்கு உகந்தவர்கள் 51.25 சதவீதம். 2025 அறிக்கையில் 54.81 சதவீதம். மத்திய அரசின் 2023-24 பொருளாதார ஆய்வறிக்கையே அந்த 51.25ஐ எடுத்துப் போட்டு, பட்டம் வாங்கி வருபவர்களில் ஏறக்குறைய இரண்டில் ஒருவர் உடனே வேலைக்குத் தயாராக இல்லை என்று சொன்னது. ஒரு தேர்வு வைத்து, அதில் உட்கார்ந்தவர்களைக் கொண்டு போட்ட கணக்கு அது. தசம புள்ளி வரை நம்பத் தேவையில்லை. ஆனால் பாதிப்பேர் தடுமாறுகிறார்கள் என்பதை நம் வீதியில் நாலு வீட்டுக் கதவைத் தட்டினாலே தெரிந்துகொள்ளலாம்.

திறன், திறன் என்கிறார்களே, அது என்ன? நான் மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவு ஆசிரியராக இருந்தவன். 1978ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தபோதே கூடவே வந்த பிரிவு அது. இன்று ஆசிரியர் ஓய்வு பெற்றால் பணியிடத்தை நிரப்பாமல் பிரிவையே மெல்ல மூடுகிறார்கள், அது தனி வயிற்றெரிச்சல். என் பாடம் மின்மோட்டார் ரீவைண்டிங். பள்ளி ஒர்க்‌ஷாப்பில் ஒரு பழைய ஸ்டேட்டரை வைத்து நானே சொல்லிக்கொடுப்பேன். எரிந்த காயிலைப் பிரிப்பதற்கு முன்னால் எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி, எந்தப் பக்கம் இணைப்பு என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிரித்த பிறகு குறிக்க முடியாது. இதை நான் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் நூறு தடவை மறந்திருக்கிறார்கள். மறந்தால் என்ன ஆகும்? செய்முறைத் தேர்வில் 5 மதிப்பெண் போகும்.

அதே பிள்ளைகளை லீவில் ஊரில் இருக்கும் ரீவைண்டிங் பட்டறைகளுக்கு அனுப்புவேன். ஒப்பந்தம் எல்லாம் கிடையாது. "அண்ணே, ரெண்டு பயலுக வருவாங்க, பாத்துக்கங்க" என்றால் முடிந்தது. அங்கே என்ன நடக்கும்? ஒரு விவசாயி டி.வி.எஸ். எக்ஸெல் வண்டியில் மோட்டாரை வைத்துக் கட்டிக்கொண்டு வந்து வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். அங்கே தோட்டத்தில் முருங்கை வாடுகிறது, வெங்காயம் காய்கிறது. "தம்பி, சாயங்காலம் ஆயிடுமா?" என்று மணிக்கு ஒரு தடவை கேட்பார். அந்த இடத்தில் குறிக்காமல் காயிலைப் பிரித்துவிட்டால் மதிப்பெண் போகாது, மானம் போகும். பட்டறைக்காரர் ஒரு வார்த்தை திட்டுவார். அதற்கப்புறம் அவன் வாழ்நாளில் மறக்க மாட்டான்.

கேஜ், சுற்று எல்லாம் புத்தகத்திலும் இருக்கிறது. அந்த விவசாயியின் முகம் புத்தகத்தில் இல்லை. நேரத்துக்கு வருவது, தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லிக் கேட்பது, கெடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்வது, மறுபடி முதலிலிருந்து செய்வது, வாடிக்கையாளரிடம் நயமாகப் பேசுவது, செலவுக் கணக்கு எழுதுவது. ஹெச்.ஆர். ஆட்கள் இதற்குத்தான் 'சாஃப்ட் ஸ்கில்' என்று பெயர் வைத்து, ஏ.சி. ஹாலில் இரண்டு நாள் பவர்பாயின்ட் போட்டுக் கற்றுக்கொடுக்கிறார்கள். பட்டறையில் அது டீயோடு சேர்ந்து வரும்.

தமிழ்நாட்டில் இது புது விஷயம் ஒன்றும் கிடையாது. கோவையில் 1945ல் ஜி.டி.நாயுடுவின் முயற்சியில் வந்த ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. பொறியியல் படிப்பை நாலு வருடம் இழுக்க வேண்டியதில்லை, கைவேலையோடு குறைந்த காலத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்பது அவர் கட்சி. அரசு ஒத்துக்கொள்ளவில்லை, அவர் விலகிக்கொண்டார். யார் சொன்னது சரி என்று இன்றைக்கும் சண்டை போடலாம். பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951ல் வந்தபோது பக்கத்திலேயே அவர்களுடைய பம்பும் மோட்டாரும் செய்யும் இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் இருந்தது. பாதி நாள் வகுப்பு, பாதி நாள் தொழிற்சாலை என்ற 'சாண்ட்விச்' படிப்பு அங்கே இன்றும் பெயர் பெற்றது. மதுரையில் மில் முதலாளி கருமுத்து தியாகராசர் 1957ல் பொறியியல் கல்லூரி தொடங்கினார். இவர்கள் யாரும் ஃபிளெக்ஸில் ஒப்பந்த எண்ணிக்கை போட்டதில்லை. தொழிற்சாலைக்காரனே கல்லூரிக்காரனாகவும் இருந்ததால் யாரோடு ஒப்பந்தம் போடுவது?

நம் மாவட்டத்துக்கு இன்னொரு பெருமை உண்டு. டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மகள் டாக்டர் சௌந்தரம், அவ்வளவு பெரிய தொழில் குடும்பத்தில் பிறந்தவர், ஜி.ராமச்சந்திரனோடு சேர்ந்து 1947ல் சின்னாளபட்டி பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார். கையால் வேலை செய்துகொண்டே படிப்பது என்று காந்தியடிகள் 1937ல் வார்தாவில் சொன்ன ஆதாரக் கல்விதான் அடித்தளம். 1956ல் அங்கே கிராமிய உயர்கல்வி நிறுவனம் வந்தது, 1976ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. அங்கே படிக்கும் பிள்ளைகள் கிராமத்தில் போய்த் தங்கி, வீடு வீடாகக் கணக்கெடுத்து, ஊர்க் கூட்டத்தில் நின்று பேசிவிட்டு வர வேண்டும். 'தொழில் நிறுவனத்தோடு இணைப்பு' என்றால் கம்பெனி மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கிராமத்தில் பத்து நாள் தங்கி, கோபமாக இருக்கும் ஒரு பெரியவரிடம் பேசிப் பதில் வாங்கத் தெரிந்த பிள்ளைக்கு எந்த நேர்முகத் தேர்வும் பயமில்லை.

இனி இன்றைய அரசுத் திட்டங்கள். 2022 மார்ச் 1 அன்று முதலமைச்சர் தொடங்கிவைத்த 'நான் முதல்வன்' திட்டத்தைப் பற்றி ஏதாவது எழுதினாலே கமெண்டில் இரண்டு கட்சிக்காரர்களும் வந்துவிடுவார்கள். பரவாயில்லை. அதில் ஒரு பெரிய நல்லது இருக்கிறது. கம்பெனிகள் வழக்கமாகச் சென்னை, கோவைப் பெரிய கல்லூரிகளோடுதான் கை கோப்பார்கள். குஜிலியம்பாறைப் பிள்ளை படிக்கும் அரசு கலைக் கல்லூரியை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? இந்தத் திட்டத்தில் அரசே நடுவில் நின்று எல்லாக் கல்லூரிக்கும் சேர்த்துப் பேசியது, பாடத்திட்டத்துக்குள்ளேயே மதிப்பெண்ணோடு வைத்தது. அந்த அளவில் நான் கை தட்டுவேன்.

குறை என்னவென்றால், அதுவும் பெரும்பாலும் திரையில் முடிந்துவிடுகிறது. நான் பேசிப் பார்த்த பிள்ளைகளில் பலருக்குப் பயிற்சி கொடுத்த நிறுவனத்தின் பெயர் தெரிகிறது, அங்கிருந்து வந்த ஒரு ஆளின் பெயர்கூடத் தெரியவில்லை. பெரிய பெயர்தான் சான்றிதழில் இருக்கிறது. கேள்விக்கான விடை வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். கல்லூரிப் பேராசிரியர்களும் இதைத் தங்கள் பாடமாக நினைப்பதில்லை. வெளியிலிருந்து யாரோ வந்து நடத்திவிட்டுப் போகும் பீரியட் அது. பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் மறுநாள் யாரிடம் கேட்பது?

அதைவிட ஐ.டி.ஐ. விஷயத்தில் செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது. டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாயில் புதுப்பித்தார்கள். சி.என்.சி., ரோபோ என்று கண்ணால் பார்த்துக் கையால் தொடக்கூடிய இயந்திரம் வந்தது. என்னைக் கேட்டால், நம் ஊரில் "ஐ.டி.ஐ.யா?" என்று முகம் சுளிக்கும் பெற்றோர் ஒரு தடவை புதுப்பித்த ஐ.டி.ஐ. ஒன்றுக்குள் போய்ப் பார்த்துவிட்டு, பிறகு நாலு வருடத்துக்கு ஃபீஸ் கட்டப் போகும் கல்லூரியின் ஒர்க்‌ஷாப்பையும் போய்ப் பார்க்க வேண்டும். லேத்தின் மேல் தூசி எவ்வளவு என்று விரலால் தொட்டுப் பாருங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மத்திய அரசு 2024 அக்டோபரில் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் கொண்டுவந்தது. நாட்டின் முதல் 500 கம்பெனிகளில் ஒரு வருடம், மாதம் 5,000 ரூபாய். ஐந்து வருடத்தில் ஒரு கோடி இளைஞர்கள் என்பது இலக்கு. முதல் சுற்றில் 82,000க்கும் மேல் பிள்ளைகளுக்கு அழைப்புப் போனது. கடைசியில் போய்ச் சேர்ந்தவர்கள் 8,700 சொச்சம்தான். பத்தில் ஒருவர். ஏன் என்று கேட்டதற்கு இடம் தூரம், வேலை பிடிக்கவில்லை, காலம் அதிகம் என்றெல்லாம் காரணம் வந்தது.

எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. சென்னையில் ஒரு பெண் பிள்ளைக்கு ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்குமே 5,000 போதாது. மீதியை யார் தருவது? 'டாப் 500 கம்பெனி' என்று டெல்லியில் உட்கார்ந்து எழுதிவிடலாம். நத்தத்திலிருந்து காலையில் பஸ் ஏறி, சாயங்காலம் இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டிய பிள்ளைக்கு அது வேறு கிரகம். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் வேலைத்தலம்.

முப்பது கிலோமீட்டருக்குள் நம்மிடம் என்ன இல்லை? வேடசந்தூர் பக்கம் வரிசையாக நூற்பாலை. ஊருக்குள்ளேயே தோல் பதனிடும் ஆலைகள். அங்கே கெமிஸ்ட்ரி படித்த பிள்ளைக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் கற்றுக்கொள்ள ஒரு வருடம் போதாது. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் இருக்கிறது. ராத்திரியில் லாரி லாரியாகக் கேரளாவுக்குப் போகிறதே, அதன் கணக்கு, விலை நிர்ணயம், வீணாவதைக் குறைப்பது எல்லாம் பி.பி.ஏ. பிள்ளைகளுக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத பாடம். நிலக்கோட்டையில் பூ இருக்கிறது, சிப்காட்டும் இருக்கிறது. சின்னாளபட்டியில் சுங்குடி. பிரியாணிக் கடைகளைச் சொல்ல வேண்டியதே இல்லை, கேட்டரிங் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும்.

அப்புறம் நம் பூட்டு. 2019ல் காரைக்குடி கண்டாங்கிச் சேலையோடு சேர்ந்து திண்டுக்கல் பூட்டுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. எல்லோரும் ஸ்டேட்டஸ் போட்டோம். அச்சு வார்க்காமல், ராவி ராவி, லிவர் லிவராகக் கையால் செய்கிற மாங்காய்ப் பூட்டுக்காரர்கள் நாகல்நகர்ப் பக்கம் இன்னும் சிலர் மிஞ்சியிருக்கிறார்கள், வயதானவர்கள். அலிகார் பூட்டோடு விலையில் போட்டி போட முடியவில்லை. இந்த ஊரைச் சுற்றி எத்தனை பொறியியல் கல்லூரி! எத்தனை மெக்கானிக்கல் மாணவர்கள் அந்தப் பட்டறையில் ஒரு வாரம் உட்கார்ந்து அந்தப் பூட்டை அளந்து வரைபடம் போட்டிருப்பார்கள்? அந்தப் பூட்டின் உள் அமைப்பைக் கம்ப்யூட்டரில் வரைந்து, தேய்மானம் குறைய வழி சொன்னால் மாணவனுக்கு ப்ராஜெக்ட் ஆயிற்று, பட்டறைக்காரருக்கு உதவி ஆயிற்று. ஆனால் அந்தப் பெரியவரிடம் லெட்டர்பேடு கிடையாது, சீல் கிடையாது. அவரோடு ஒப்பந்தம் போட்டால் ஃபிளெக்ஸில் என்ன சின்னம் போடுவார்கள்?

இவ்வளவு சொல்லிவிட்டு, பிள்ளைகளை மில்லுக்கு அனுப்புங்கள் என்று சும்மா சொல்லிவிட முடியாது. நம் மாவட்டத்தில் அப்ரண்டிஸ் என்ற வார்த்தைக்கு ஒரு கசப்பான சரித்திரம் இருக்கிறது. சுமங்கலித் திட்டம், திருமாங்கல்யத் திட்டம் என்று பெயர் வைத்து, மூன்று வருடம் மில் ஹாஸ்டலிலேயே தங்கி வேலை செய்தால் கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை என்று சொல்லிப் பதினைந்து, பதினாறு வயதுப் பெண் பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். அவர்களைப் பதிவேட்டில் எழுதியது 'பயிற்சியாளர்' என்றுதான். பயிற்சி என்ற பெயரில் குறைந்த கூலி, நீண்ட நேரம். என் வகுப்பிலிருந்தே பத்தாவதோடு நின்றுபோய் அங்கே போன பிள்ளைகள் உண்டு. திரும்பி வந்தபோது எப்படி வந்தார்கள் என்பதை இங்கே எழுத மனம் வரவில்லை.

2021ல் நம் மாவட்டத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம்பெண் கொல்லப்பட்ட பிறகுதான் வெளிநாட்டு பிராண்டுகளே அசைந்துகொடுத்தன. 2022ல் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் டி.டி.சி.யூ. என்ற பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கமும் எச் அண்ட் எம் போன்ற பிராண்டுகளும் கையெழுத்திட்ட உடன்பாட்டுக்கு உலகம் முழுக்க 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்றே பெயர். தொழிலாளிப் பெண்களே ஆலைக்குள் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்று, பாலியல் தொந்தரவு நடந்தால் புகார் எழுப்பலாம் என்பது அதன் சாரம். ஒப்பந்தம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது பாருங்கள். யார் என்ன செய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று அதில் இருக்கிறது. கல்லூரிகள் போடும் ஒப்பந்தங்களில் நான் படித்துப் பார்த்த இரண்டு மூன்றில் "இரு தரப்பும் பரஸ்பரம் ஒத்துழைக்கும்" என்பதைத் தாண்டி ஒரு வரியும் இல்லை.

எனவே ஒரு கல்லூரி பிள்ளைகளை வெளியே அனுப்பும்போது சில விஷயங்களை முதலிலேயே கேட்டு எழுதி வாங்க வேண்டும். அந்த இடத்தில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கான உள்ளகப் புகார்க் குழு இருக்கிறதா? பிள்ளைக்கு வேலை சொல்லிக்கொடுக்கப் போகும் ஆளின் பெயர் என்ன? எந்தெந்தப் பிரிவில் எத்தனை நாள்? உதவித்தொகை உண்டா? 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் பதிவு செய்தால் உதவித்தொகை கட்டாயம். பட்டதாரி, டிப்ளமோ பயிற்சியாளர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசே நிறுவனத்துக்குத் திருப்பித் தருகிறது. இது தெரியாத சிறு முதலாளிகள் நம் ஊரில் ஏராளம். கல்லூரியின் பிளேஸ்மென்ட் அலுவலர் நாலு சிட்கோ பட்டறைக்குப் போய் இதை உட்கார்ந்து விளக்கினாலே இருபது பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும். ஆனால் அவருக்கு டார்கெட் வேறு. பெரிய ஐ.டி. கம்பெனியின் ஹெச்.ஆரை கேம்பஸுக்கு அழைத்து வருவதுதான் அவர் வேலை.

கம்பெனிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் "பிள்ளைகளுக்கு ஒண்ணும் தெரியல சார்" என்பதுதான் அவர்களுடைய முதல் வசனம். சரி, ஒரு சூப்பர்வைசரை வாரத்தில் அரை நாள் பயிற்சிக்கென்று ஒதுக்குவீர்களா என்று கேட்டால் "புரொடக்‌ஷன் பாதிக்கும்" என்கிறார்கள். ஜெர்மனியில் இந்த முறை ஓடுகிறது என்றால் காரணம், அங்கே மூன்று, மூன்றரை வருடம் கம்பெனிதான் சம்பளம் கொடுத்துச் சொல்லிக்கொடுக்கிறது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பள்ளி. கடைசியில் தேர்வு வைப்பது கல்லூரியும் இல்லை, அந்தக் கம்பெனியும் இல்லை, ஊர்த் தொழில் வணிகச் சபை. அதனால் ஒரு ஊரில் வாங்கிய சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும். இங்கே விளைச்சல் மட்டும் வேண்டும், விதைநெல்லுக்குக் காசு கிடையாது.

ஒரு நண்பர், தமிழ்ப் பேராசிரியர், நேற்று போனில் சண்டை போட்டார். "கல்லூரிங்கிறது கம்பெனிக்கு ஆள் தயாரிக்கிற எடமாய்யா? யோசிக்கத் தெரிஞ்ச மனுசனை உருவாக்குற எடம்" என்றார். அவர் சொல்வதில் பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடுதான். கம்பெனி இன்று ஒரு மென்பொருளைக் கேட்கும், நாளை வேறொன்றைக் கேட்கும். அதன் பின்னால் பாடத்திட்டத்தை ஓடவிட்டால் பிள்ளைக்கு அடிப்படை போய்விடும். ஓம் விதி தெரியாதவனுக்கு எந்த இன்டர்ன்ஷிப்பும் உதவாது. ஆனால் அவர் மாணவர்களிடம், மலைக்கோட்டை மேலே போய் ஒரு வாரம் உட்கார்ந்து, வரும் ஆட்களுக்குத் திப்பு சுல்தான் கால வரலாற்றைச் சொல்லி வாருங்கள் என்றால் எத்தனை பேர் தயங்காமல் பேசுவார்கள்? அதுவும் பயிற்சிதான். அவரும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அடுத்த செமஸ்டர் பாக்கலாம்" என்றார். பார்க்கட்டும்.

கல்லூரி ஆசிரியர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு அரைகுறை. பிள்ளையை 75 நாள் அனுப்பச் சொல்கிறோம், அவனுக்குப் பாடம் நடத்துபவர் கடைசியாக ஒரு தொழிற்சாலைக்குள் எப்போது போனார்? முப்பது வயதில் பி.எச்.டி. முடித்து நேராக வகுப்புக்குள் வந்தவர்கள் நிறைய. அவர்கள் தப்பு இல்லை, அவர்களை அப்படித்தான் எடுக்கிறார்கள். வருடத்துக்குப் பதினைந்து நாள் ஆசிரியரையும் மில்லுக்கோ பட்டறைக்கோ அனுப்பினால், அவர் வகுப்பில் சொல்லும் உதாரணமே மாறிவிடும். தனியார் கல்லூரிகளில் கோடை விடுமுறையில் இதே ஆசிரியர்களைத்தான் வீடு வீடாக அட்மிஷன் பிடிக்க அனுப்புகிறார்கள். அந்த நாட்களை இதற்குக் கொடுக்கலாம்.

அந்த வேடசந்தூர் அப்பாவுக்கு நான் சொன்னது இதுதான்: கல்லூரிக்குப் போய் எத்தனை ஒப்பந்தம் என்று கேட்காதீர்கள். போன வருடம் இன்டர்ன்ஷிப் போன மூன்றாம் வருடப் பிள்ளை ஒருவனைக் கூப்பிட்டுத் தரச் சொல்லுங்கள். எங்கே போனாய், எத்தனை நாள், யார் சொல்லிக்கொடுத்தார், என்னவெல்லாம் தொட்டாய் என்று கேளுங்கள். நாலு கேள்விக்கும் அவன் தடங்கல் இல்லாமல் பதில் சொன்னால் சேர்த்துவிடுங்கள். அவர் போய்க் கேட்டிருக்கிறார். ஒரு கல்லூரியில் "அதெல்லாம் அலோ பண்ண மாட்டோம்" என்றார்களாம். இன்னொன்றில் ஒரு பெண் பிள்ளை வந்து அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசினாளாம். எது சின்னக் கல்லூரி, எதில் ஒப்பந்தம் குறைவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு வேலை. என்னிடம் படித்தவர்களில் பலர் இன்று சொந்தமாகப் பட்டறை, லேத், பிரஸ், ஆடிட் ஆபீஸ், மோட்டார் கடை வைத்திருக்கிறீர்கள். ஜூன் மாதத்திலிருந்து இரண்டு பிள்ளைகளை மட்டும், பதினைந்து நாள், உங்களால் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுக்க முடியுமா? டீ வாங்க அனுப்பக் கூடாது, அது மட்டும்தான் நிபந்தனை. இஷ்டமிருப்பவர்கள் கமெண்டில் ஊரையும் தொழிலையும் எழுதுங்கள், நானே கூப்பிடுகிறேன். பிள்ளைகள் சாப்பாடு கொண்டுவந்துவிடுவார்கள், பஸ் பாஸ் இருக்கிறது.